கரண்டு போனா நின்னுருதுய்யா

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தினது. நடுவுல இயற்பியல் வரும், பயப்படாதீங்க. எனக்கும் அது பிளஸ் டூவோட விட்டுப்போன சப்ஜெக்ட்தான். சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

தென்காசிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை. புரட்டாசி கடைசி. குற்றாலத்துல சீசன் கூட்டம் வடிஞ்சு, ஊர் கொஞ்சம் மூச்சு விடுற நேரம். ஆனா ஓபி வரிசைக்கு சீசன் கிடையாது, அது எப்பவும் மெயின் அருவி மாதிரிதான். அந்த வரிசையில ஒரு ஆச்சி வந்தாங்க. அறுபத்தெட்டு வயசு, பீடி சுத்துறவங்க. கூட மக.

"ராத்திரியானா வண்டு இரையுத மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே கெடக்குய்யா. கண்ண மூட முடியல."

எத்தனை நாளா ஆச்சி?

"ஒரு மாசமா."

மக குறுக்க சொன்னாங்க: "சார், ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு சத்தம் கேக்கு, சத்தம் கேக்குன்னு சொல்லுது. எனக்கு ஒண்ணுமே கேக்கல. பயமா இருக்கு சார்."

காதுக்குள்ள பார்த்தேன். அழுக்கு அடைப்பு இல்ல, செவிப்பறை நல்லா இருந்தது. பிபி 150/90. வயசானவங்க, ரெண்டு காதுலயும் இரைச்சல், ராத்திரியில அதிகம், வெளிய யாருக்கும் கேக்கல. பாடப்புத்தகத்துல வர்ற டின்னிட்டஸ். அதாவது, வெளியில சத்தம் இல்லாமலே காதுக்குள்ள கேக்குற இரைச்சல். காது இரைச்சலுக்கு வழக்கமா எழுதுற மாத்திரையை எழுதினேன். (அதனால இரைச்சல் குறையும்னு உறுதியான நிரூபணம் இல்லன்னு தெரிஞ்சும் நாங்க எழுதுறோம். அது தனி த்ரெட்.) ஆச்சி தூங்கி ரொம்ப நாளாச்சுன்னு மக கெஞ்சினதால, ஒரு தூக்க மாத்திரையும் அஞ்சு நாளைக்கு. சரியாகலைன்னா ஈஎன்டி டாக்டரைப் பாருங்கன்னு சொல்லி அடுத்த சீட்டை எடுத்துட்டேன்.

எழுந்து போகும்போது ஆச்சி ஒரு வார்த்தை சொன்னாங்க: "கரண்டு போனா நின்னுருதுய்யா."

நான் சொன்னது: "சரி ஆச்சி, மாத்திரைய போடுங்க, சரியாயிரும்."

நோயாளியோட பேசுறது எப்படின்னு ரெண்டாம் வருஷத்துலயே சொல்லிக் குடுப்பாங்க. எப்ப ஆரம்பிச்சுது, எங்க இருக்கு, எதனால கூடுது, எதனால குறையுது. அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேக்கவே இல்ல. ஆச்சி தானாவே பதில் சொன்னாங்க. அதையும் காதுல வாங்கல.

நாலாவது நாள் ராத்திரி, மாத்திரை மயக்கத்துல பாத்ரூமுக்கு எழுந்தவங்க வாசப்படி தடுக்கி விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. வயசானவங்களுக்குத் தூக்க மாத்திரை குடுத்தா விழுற ஆபத்து கூடும்னு தெரியாத டாக்டரே கிடையாது. எனக்கும் தெரியும்.

மாவுக்கட்டு போட்டுட்டு எலும்பு ஓபி பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் அந்தப் பக்கமா போனேன். அவங்கதான் என்னைக் கூப்பிட்டாங்க, கோபமே இல்லாம. அதுதான் இன்னும் சங்கடம்.

"மாத்திரை தூக்கத்தக் குடுத்துச்சுய்யா. சத்தம் நிக்கல பாத்துக்கோங்க."

இந்தத் தடவை பக்கத்துல உக்காந்து கேட்டேன். எதனால நிக்குது ஆச்சி?

"அதான் அன்னைக்கே சொன்னேம்லா. கரண்டு போனா நின்னுரும். திரும்ப வந்தா சத்தமும் வந்துரும்."

சரி, வீட்டுல ஏதோ ஃபிரிட்ஜ் மோட்டார்னு நினைச்சேன். அதுக்கும் அவங்ககிட்ட பதில் இருந்தது. "ஒரு நாளு எங்க வீட்டு ஃபியூஸு மட்டும் போயிட்டு. வீடே இருட்டு. தெருவுல லைட்டு எரியுது. அன்னைக்கு சத்தம் நிக்கல."

யோசிச்சுப் பாருங்க. ஊருக்கே கரண்ட் போனா சத்தம் நிக்குது. தன் வீட்டுல மட்டும் போனா நிக்கல. அப்ப சத்தம் காதுல இல்ல, வீட்டுக்குள்ளயும் இல்ல. வெளியில, மின்சாரம் ஓடுற ஒரு பொருள்ல இருக்கு. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில கட்டுப்பாட்டுக் குழு வச்சு செய்யுற வேலையை, அந்தம்மா இருட்டுல படுத்துக்கிட்டே செஞ்சு முடிச்சிருக்காங்க.

"வீட்டுப் பக்கத்துல டிரான்ஸ்பார்மர் இருக்கா ஆச்சி?"

"செவுத்த ஒட்டி நிக்கில்லா."

அன்னைக்கு சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு போய்ப் பார்த்தேன். வைகாசியில மகன் புதுசா ஒரு ரூம் கட்டி அம்மாவுக்குக் குடுத்திருக்கார். பதினோரு அடி நீளம், மேல ஷீட். சுவருக்கு அந்தப் பக்கம் சில அடி தள்ளி ரெண்டு கம்பத்துக்கு நடுவுல டிரான்ஸ்பார்மர். அப்ப ஏன் வைகாசியிலயே சத்தம் கேக்கல? எங்க ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டாம். ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து ராத்திரி பகல் பார்க்காது. ஷீட்டும் தென்னமட்டையும் அடிச்சுக்குற சத்தத்துல எதுவும் கேக்காது. காத்து அடங்கினப்பதான் டிரான்ஸ்பார்மர் ஆச்சி காதுக்கு வந்திருக்கு. நான் அதை 'ஒரு மாசமா புதுசா வந்த நோய்'னு எழுதி வச்சிருந்தேன்.

மகளுக்கு ஏன் கேக்கல? அவங்க ஹால்ல ஃபேன் போட்டுட்டுப் படுக்குறாங்க. ஆச்சிக்கு ஃபேன் காத்து மூட்டுக்கு ஆகாது. இன்னொண்ணும் இருக்கு, இதுதான் எனக்கு உறைச்சது. வயசானா முதல்ல போறது கீச்சு சத்தங்களைக் கேக்குற திறன். தாழ்ந்த சுருதி ரொம்ப நாள் நிக்கும். நமக்கு ராத்திரியில பூச்சி சத்தம், இலை சத்தம் எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரை மூடிரும். ஆச்சிக்கு அந்த மூடி பாதி கழண்டுபோச்சு. 'வயசானவங்களுக்குக் காது கேக்காது'ன்னு நாம சாதாரணமா சொல்றோம். இந்த ஒரு சத்தத்தைப் பொறுத்தவரை அந்த வீட்டுலயே நல்ல காது அவங்களோடதா இருக்கலாம்.

சரி, டிரான்ஸ்பார்மர் ஏன் இரையுது? உள்ள சுத்துற பாகம் ஒண்ணும் கிடையாது. மோட்டார் இல்ல, ஃபேன் இல்ல. எண்ணெய்க்குள்ள இரும்பும் செம்புக் கம்பியும் அசையாம நிக்குது. அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

பதில்: இரும்பு நீளுது. அப்புறம் பழைய நீளத்துக்கு வருது. திரும்ப நீளுது.

காந்தமாகும்போது இரும்போட நீளம் ரொம்ப ரொம்பக் கொஞ்சம் மாறும். இதுக்குப் பேர் மேக்னட்டோஸ்ட்ரிக்ஷன். டிரான்ஸ்பார்மருக்குள்ள இருக்குறது சிலிக்கான் கலந்த மெல்லிய இரும்புத் தகடுகளோட அடுக்கு. அப்படி ஒரு தகடு ஒரு மீட்டர் நீளம்னு வச்சுக்கிட்டா, அது நீளுறது ஒண்ணு ரெண்டு மைக்ரான் அளவுலதான். உங்க ரத்தத்துல ஓடுற ஒரு சிவப்பணுவோட குறுக்களவு சுமார் 7 மைக்ரான். அதுல கால்வாசி.

இவ்வளவு சின்ன அசைவு காதுல விழுமான்னு கேக்கலாம். நாம கேக்கக்கூடிய மிக மெல்லிய சத்தத்துக்கு நம்ம செவிப்பறை அசையுறது ஒரு அணுவோட குறுக்களவை விடக் குறைவு. அந்தக் காதுக்கு ஒரு மைக்ரான் பெரிய விஷயம். தகடு அதிர்ந்து, எண்ணெய் அதிர்ந்து, வெளிய இருக்குற தொட்டியே ஒரு பறை மாதிரி ஆயிடுது.

ஏன் நீளுதுன்னு புரிய பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வாங்க. ஒரு பெட்டியில வெண்டைக்காயைக் கண்டபடி கொட்டுங்க. எல்லாம் தாறுமாறா கிடக்கும். இப்ப அத்தனையையும் ஒரே திசையில அடுக்குங்க. மொத்தக் குவியலும் அந்தத் திசையில நீளமாவும் குறுக்குவாட்டுல ஒல்லியாவும் ஆகும். இரும்புக்குள்ளயும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன பகுதிகள், ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். ஒவ்வொண்ணும் தன்னோட காந்தத் திசையில ஒரு துளி நீண்டிருக்கும். சாதாரணமா அதுங்க ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும். வெளியிலருந்து காந்தப்புலம் வந்தா எல்லாம் ஒரே வரிசைக்கு வரும். (வெண்டைக்காய் அளவுக்கு நீளம் கிடையாது, நீளம் அகலத்துக்கு நடுவுல வித்தியாசம் லட்சத்துல ஒரு பங்கு கணக்குலதான். இயற்பியல் வாத்தியார்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

இப்ப ஒரு அழகான விஷயம். நம்ம மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 சுற்று. காந்தமும் வினாடிக்கு 50 தடவை இந்தப் பக்கமும் 50 தடவை அந்தப் பக்கமும் திரும்பும். ஆனா வெண்டைக்காயோட காம்பு கிழக்க இருந்தா என்ன, மேற்க இருந்தா என்ன, நீளம் ஒண்ணுதானே? அதனால ஒரு சுற்றுக்கு இரும்பு ரெண்டு தடவை நீளும். டிரான்ஸ்பார்மரோட அடிப்படை சுருதி 50 இல்ல, 100 ஹெர்ட்ஸ். கூடவே 200, 300ன்னு அதோட மடங்குகளும் கேக்கும். ஃபோன்ல ஒலி அளக்குற ஆப்ல பார்த்தேன். 100ல ஒரு கோபுரம் நின்னுச்சு.

ஏன் ராத்திரியில அதிகம்? ஊர் அடங்குறது பெரிய காரணம். இன்னொரு காரணம், இந்த இரும்புச் சத்தம் நாம எவ்வளவு கரண்ட் இழுக்குறோம்ங்கிறதை விட, வோல்டேஜ் எவ்வளவுங்கிறதைப் பொறுத்தது. நடுராத்திரி எல்லாரும் மோட்டார், மிக்ஸியை நிறுத்தினதும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறலாம். அப்ப இரைச்சலும் ஏறும்.

ரூமுக்குள்ள நடந்து பார்த்தப்ப ஒரு இடத்துல சத்தம் தூக்கலா இருந்தது, மூணு அடி தள்ளினா பாதியா குறைஞ்சது. 100 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதாவது பதினோரு அடி. ரூமும் பதினோரு அடி. அந்த அலை ரெண்டு சுவருக்கும் நடுவுல கச்சிதமா உக்காந்துக்கிச்சு. இப்படி உக்கார்ற அலையில, சுவரை ஒட்டின இடத்துல சத்தம் அதிகம். கால்வாசி தூரத்துல, அதாவது மூணு அடிக்குக் கொஞ்சம் குறைவா தள்ளி, கம்மி. ஆச்சி தலை வச்சுப் படுத்தது சரியா சுவர் ஓரம்.

கட்டிலை இழுத்துப் போட்டோம். ஆச்சி படுத்துப் பார்த்துட்டு, "இப்பம் பரவால்லய்யா"ன்னாங்க. முழுசா போகல. குறைஞ்சது. கொஞ்ச நாள்ல பழைய ரூமுக்கே மாறிட்டாங்க.

மின்வாரிய ஊழியர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "எல்லா டிரான்ஸ்பார்மரும் இப்படித்தான் சார் இரையும்"னார். உண்மைதான், இது பழுது இல்ல. ஆனா சத்தம் திடீர்னு மாறினா, சடசடன்னு வந்தா, பொறி தெறிச்சா கிட்ட போகாம உடனே மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்க.

இதைப் படிச்சப்ப இன்னொரு கதை கிடைச்சது. இந்த விளைவை முதல்ல அளந்தவர் ஜூல். ஆமா, ஆற்றலோட அலகுக்குப் பேரா வச்சிருக்கோமே, அவரேதான். மதுபான ஆலை நடத்தின குடும்பம், மான்செஸ்டர் பக்கம். 1841 கடைசியில அந்த ஊர் மெக்கானிக் ஒருத்தர் அவர்கிட்ட வந்து, "காந்தமானா இரும்பு பருக்கும்னு நினைக்கிறேன், அதை வச்சு ஒரு எஞ்சின் ஓட்டலாமே"ன்னு சொல்லியிருக்கார். ஜூல் போய் வேலையைப் பாருப்பான்னு அனுப்பல. இரும்புக் கம்பியைச் சுருளுக்குள்ள வச்சு, நெம்புகோல்களால அசைவைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தார். நீளம் கூடுச்சு. அப்புறம் தண்ணிக்குள்ள வச்சு, மெல்லிய குழாய்ல நீர்மட்டம் ஏறுதான்னு பார்த்தார். ஏறல. அதாவது இரும்பு பருக்கல, நீளுது, அதுக்கு ஏத்த மாதிரி குறுக்குல ஒடுங்குது. மெக்கானிக் சொன்ன காரணம் தப்பு, ஆனா அவர் கை வச்ச இடம் சரி. 1842ல ஜூல் இதை வெளியிட்டார்.

எல்லா உலோகமும் இரும்பு மாதிரி இல்ல. நிக்கல் காந்தமானா சுருங்கும். இரும்பை விட அதிகமாவே. ரெண்டாம் உலகப் போர்ல கடலுக்கடியில ஒலி அனுப்புற சோனார் கருவிகள் பலதுல நிக்கல்தான் வேலை செஞ்சது. அப்புறம் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒண்ணுல டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இரும்பு சேர்த்து டெர்ஃபெனால்-டின்னு ஒரு கலவை செஞ்சாங்க. பலமான காந்தப்புலத்துல ஒரு மீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல நீளும். கண்ணாலயே பார்க்கலாம்.

இதெல்லாம் எங்கயோ இருக்குற சமாச்சாரம்னு நினைச்சேன். மறுநாள் எங்க பல் மருத்துவர்கிட்ட சொன்னப்ப அவங்க சிரிச்சாங்க. பல் சுத்தம் செய்யுற அல்ட்ராசோனிக் ஸ்கேலர்ல ஒரு வகை இதே தத்துவம்தான். கைப்பிடிக்குள்ள நிக்கல் கலந்த தகடுகள், சுத்தி ஒரு சுருள். வினாடிக்கு 25,000 தடவைக்கு மேல நீண்டு சுருங்கி, நுனியில பல் காறையை உடைக்குது. ஆச்சி வீட்டு டிரான்ஸ்பார்மர்ல தொல்லையா இருக்குறது, அங்க வேலையா இருக்கு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, பேஸ்மேக்கர் வச்சவங்க வீட்டுல இருந்தா இது உங்களுக்கு. இந்தக் காந்த வகை ஸ்கேலர் பேஸ்மேக்கர் வேலையில குறுக்கிட வாய்ப்பு உண்டுன்னு எச்சரிக்கை இருக்கு. இப்ப வர்ற பேஸ்மேக்கர்களுக்கு நல்ல கவசம் இருக்குறதால ஆபத்து குறைவு. ஆனாலும் பல் டாக்டர் நாற்காலியில உக்காரும் முன்னாடி "எனக்கு பேஸ்மேக்கர் இருக்கு"ன்னு சொல்லிருங்க. வேற வகை ஸ்கேலர் இருக்கு, கையாலயும் சுத்தம் செய்யலாம்.

அதே மாதிரி பெரிய கடை வாசல்ல பீப் அடிக்குற திருட்டுத் தடுப்பு கேட். அதுல ஒரு வகை, துணியில மாட்டின டேக்குக்குள்ள இருக்குற மெல்லிய உலோக நாடா காந்தப்புலத்துல நீண்டு சுருங்கி அதிர்றதைத்தான் பிடிக்குது. பேஸ்மேக்கர் உள்ளவங்க அந்த கேட்டுக்கு நடுவுல சாதாரணமா நடந்து போகலாம். அதுல சாஞ்சுக்கிட்டு, பில் போடுறவர் வர்ற வரைக்கும் நிக்கக்கூடாது. தீபாவளிக் கூட்டத்துல அப்பாவை அங்கதான் நிறுத்திட்டுப் போறோம்.

கமெண்ட்ல வரப்போற கேள்வி ரெண்டுக்கு இப்பவே பதில். எம்ஆர்ஐ சத்தம் இது இல்ல. அது காந்தப்புலத்துக்குள்ள கரண்ட் பாயுற சுருள்கள் உதைபடுற சத்தம். அப்புறம், நம்ம ரத்தத்துல இருக்குற இரும்பு இப்படி நீளாது. அது ஹீமோகுளோபினுக்குள்ள தனித்தனி அணுவா இருக்கு, இரும்புத் துண்டா இல்ல. காந்த வளையல் விக்கிறவங்க சொல்றதை நம்பி காசை விடாதீங்க.

காது இரைச்சல்னு வர்றவங்க பெரும்பாலானவங்களுக்கு டிரான்ஸ்பார்மர் காரணம் கிடையாது, அதையும் சொல்லிடுறேன். வயசு, அதிக சத்தத்துல வேலை, காது அழுக்கு, சில மருந்துகள் இதெல்லாம்தான் சாதாரண காரணங்கள். ராத்திரி சத்தம் கேக்கும்போது ரெண்டு காதையும் பொத்திப் பாருங்க. குறைஞ்சா வெளியில இருந்து வருது. அப்படியே இருந்தாலோ கூடினாலோ உள்ள இருந்து வருது. வேற ஊர்ல போய்ப் படுத்தாலும் கேக்குதான்னு பாருங்க. ஒரு காதுல மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போட சேர்ந்து அடிக்குற இரைச்சல் இருந்தா தள்ளிப்போடாம ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. திடீர்னு காது கேக்காம போனா அன்னைக்கே போங்க.

ஆறு வாரம் கழிச்சு ஆச்சிக்குக் கட்டுப் பிரிச்சாங்க. எலும்பு கூடிருச்சு. ஆனா மணிக்கட்டு முழுசா திரும்பல, கத்தரியைப் பிடிச்சு இலை வெட்டினா வலிக்குது. பிசியோதெரபி நடக்குது. முன்னாடி ஒரு நாளைக்கு 500 பீடி சுத்துவாங்களாம். போன வாரம் கேட்டேன். முந்நூறு தாண்டலன்னு சொன்னாங்க.